மாடி வீட்டுக் குடம்

திண்டுக்கல்லில் ஒரு வருஷம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அம்மா கீழே இருந்தார். ஒல்லி உடம்பு, தலையில் முக்காடு, ஒரு பக்கம் நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி. பெயர் கேட்டதேயில்லை. வாரத்துக்கொரு தடவை குழாயில் தண்ணீர் வரும். வந்ததும் கரண்டியால் மாடிப்படிக் கம்பியைத் தட்டுவார். நான் குடத்தோடு இறங்கி ஓடுவேன். எங்களுக்குள் பேச்சென்றால் அந்தச் சத்தம்தான்.

மாற்றலாகிக் கிளம்பிய அன்று, சாமான்களெல்லாம் வண்டியில் ஏறிய பிறகு, இடுப்பில் நிறைகுடத்தோடு அவர் படியேறி வந்தார். வாங்கப் போனேன், தரவில்லை. வெறும் சமையலறையில் குடத்தை இறக்கி, தட்டு போட்டு மூடினார்.

"ஊரே தண்ணிக்கு அல்லாடுது. காலி வீட்டுக்கு எதுக்கும்மா?"

"அடுத்து வாரவுக வந்ததும் தண்ணிக்கு எங்க போவாக தம்பி? நீங்க வந்த அன்னிக்கும் வச்சிருந்தேன்ல?"

வைத்திருந்தார். யார் விட்டுப்போன பழைய தண்ணீரோ என்று, மாடியிலிருந்தே கீழே கொட்டியவன் நான். அது அவர் வாசலில்தான் விழுந்திருக்கும்.

அதை அவர் பார்த்தாரா, தெரியாது. நான் கொட்டிய அந்த வாரமே எனக்காகக் கம்பியைத் தட்டினார் என்பது மட்டும் நினைவிருக்கிறது.