பல்கனியில் கிடந்த கோட்

மாமியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், மொன்றியலில் இருந்து ஒரு மணித்தியாலத் தூரத்தில், சோளக்காட்டுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன ஊரில் நான் வளர்ந்தேன். ஒரு சேர்ச், ஒரு பள்ளிக்கூடம், மிச்சமெல்லாம் மாடு. அப்பா அங்கே பால்பண்ணையில் வேலை செய்தார். ஊரில் தமிழர் நாங்கள் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மொன்றியல் மாதா கோயிலுக்குத் தமிழ்ப் பூசைக்குப் போவோம். பிறகு அங்கேயே செயின்ட்-மிஷேலில் அப்பாவின் அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாடு.

அந்த அக்காதான் மாமி. கதவைப் பாதி திறந்து மூக்கைச் சுளிப்பார். "கோட்டுகளைப் பல்கனியில போட்டிட்டு வாங்கோ. வீடெல்லாம் மாடு மணக்கும்."

மற்ற விருந்தாளிகளின் கோட்டுகள் மாமியின் கட்டிலில் குவிந்திருக்கும். எங்களுடையவை பனியில் கிடக்கும். திரும்பும்போது அம்மா விறைத்த கோட்டுக்குள் கையை நுழைத்துப் பல்லைக் கடிப்பார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயப்போட்டதை நான் பார்த்திருக்கிறேன். அப்பாவோ அக்கா சொன்னதும் முதல் ஆளாய்த் தன் கோட்டைப் பல்கனியில் போடுவார். ஒருநாள் இருக்கிறது உங்களுக்கு என்று மனதுக்குள் கறுவிக்கொள்வேன்.

அந்த நாள் என் பதின்மூன்றாம் வயதில் வந்தது. கோடை முடிவில் சோளம் அவித்துக் கூடிச் சாப்பிடுவது கியூபெக்காரரின் வழக்கம். கோயில் பெருநாளுக்கு நாங்களும் அப்படிச் செய்வோம் என்று பங்குச் சபையில் முடிவானது. "சோளம் என்ர பொறுப்பு. தம்பி தோட்டத்துக்குள்ளதானே இருக்கிறான்" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டு, மாமி வான் வண்டியில் எங்கள் ஊருக்கு வந்து இறங்கினார்.

மனிதர் சாப்பிடுகிற இனிப்புச் சோளம் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் சின்னதாய் நின்றது. தெருவோரம் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றது மாட்டுத் தீவனம். எங்கள் ஊரில் நடைபழகும் பிள்ளைக்கும் இது தெரியும். எதில் வேண்டுமானாலும் முறிக்க முதலாளி அனுமதி கொடுத்திருந்தார்.

"பின்னுக்கு வாங்கோ மச்சாள். நல்ல சோளம் அங்கதான் நிக்குது" என்றார் அம்மா.

மாமி கைலேஞ்சியால் மூக்கைப் பொத்தினார். "அந்த நாத்தத்துக்குள்ள ஆர் வாறது? இஞ்ச தெருவிலயே கொழுத்துப்போய் நிக்குது. பிள்ளை, நீ வந்து முறி."

நான் தெருவோரச் சோளத்துக்குள் இறங்கினேன். பெரிய சோளப் பொத்தியாகத் தேடித் தேடி முறித்தேன். அம்மா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சாக்கை விரித்துப் பிடித்தார்.

பெருநாளன்று காலையில் அடுப்பில் ஏறிய கிடாரம் மத்தியானம் வரை கொதித்தது. சோளம் மசியவில்லை. கடித்துப் பார்த்த ஒரு பெரியவர் தன் கட்டுப்பல்லைக் கையில் எடுத்தார். "மாட்டுக்குப் போடுறதையோ எங்களுக்கு அவிச்சனீங்கள்?" என்று யாரோ கேட்க, கோயில் வளவே சிரித்தது. மாமியின் முகம் கறுத்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

மாமி அம்மாமேல் பாய்ந்தார். "தெரிஞ்சுகொண்டுதானே என்னை நாறடிச்சனீர்?"

"நல்லது பின்னுக்கு நிக்குது எண்டு சொன்னனான், மச்சாள். உங்களுக்குத்தான் மணந்தது."

அந்தக் குளிர்காலத்தில் முதல் பனி கொட்டிய ஞாயிறு, அம்மா தான் கழுவிய கோட்டைப் போடவில்லை. அப்பாவின் மாட்டுக்கொட்டில் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மாமி கதவைத் திறந்தார். சோளத்துக்குச் சிரித்த கோயில்காரர் உள்ளே இருந்தார்கள்; பல்கனி என்ற பேச்சே வரவில்லை. அம்மா நேரே அறைக்குள் போய், கோட்டைக் கழற்றி, மாமியின் தலையணையில் வைத்தார்.