கழுத்துப்பட்டியின் சிவப்பு

போன வாரம் அண்ணன் மகன் பிறந்தநாளுக்கு ஒரு சிவப்பு டி-ஷர்ட் வாங்கப் போனேன். சட்டையை எடுத்ததும் விலை பார்ப்பவர்கள் உண்டு, அளவு பார்ப்பவர்கள் உண்டு. நான் கழுத்துப்பட்டியை மடக்கி உடம்புத் துணிமேல் வைத்துக்கொண்டு, கடை வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்க்கிற ரகம். விற்கிற பெண் பின்னாலேயே வந்துவிட்டாள். சட்டையோடு நடையைக் கட்டிவிடுவேன் என்று பயந்திருப்பாள்.

“டேமேஜ்ங்களாக்கா?”

“இல்லம்மா, சும்மா பாக்கறேன்.”

சும்மா இல்லை. கழுத்து ஒரு சிவப்பு, உடம்பு ஒரு சிவப்பு. உங்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது.

நீங்கள் திருப்பூர்க்காரர் இல்லையென்றால் ஒன்று சொல்லிவிட வேண்டும். பனியன் துணிக்கும் அதன் கழுத்துப்பட்டிக்கும் ஒரே இடத்தில், ஒரே தடவையில் சாயம் ஏற்ற வேண்டும். பிரித்துப் போட்டால் நிறம் பிசகும். முப்பது வருடம் பனியன் கம்பெனி நடத்திய அப்பாவுக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் உடம்புத் துணியைச் சித்தப்பாவின் சாயப்பட்டறைக்கும், கழுத்துப்பட்டியை மாமாவின் சாயப்பட்டறைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். சித்தப்பா அப்பாவின் தம்பி. மாமா அம்மாவின் அண்ணன். முழுவதையும் தம்பிக்குக் கொடுத்தால் அம்மாவின் பிறந்த வீட்டில் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். மாமாவுக்குக் கொடுத்தால் தம்பி மனசு வாடும். ஆகவே அப்பா ஒரு சட்டையை இரண்டு சொந்தங்களுக்குப் பங்குபோட்டார். வெள்ளையிலும் கறுப்பிலும் எப்படியோ தப்பித்து வந்தோம்.

நான் அப்போதுதான் படிப்பை முடித்திருந்தேன். கல்யாணம் ஆகும்வரை வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று செக்கிங்கில் போட்டார்கள். ஒரு மேசை, ஒரு லைட் பாக்ஸ். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர், இந்த நிறம்தான் வேண்டும் என்று ஒப்புக்கொண்டு அனுப்பிய துணித்துண்டை அதன் வெளிச்சத்தில் வைத்து, வந்த துணியைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பது என் வேலை. நாட்டையே நான்தான் காவல் காக்கிறேன் என்கிற மிடுக்கோடு உட்கார்ந்திருப்பேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

சித்தப்பா வந்தால் அவருக்கு முன்னால் சாயப்பட்டறையின் நெடி வரும். சோப்பும் உப்பும் ஆவியும் கலந்த வாசம். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் நிறம் தங்கியிருக்கும். இன்றைக்கு அவருக்கு நீலமா பச்சையா என்று பந்தயம் கட்டுவோம். அவருக்கு எங்கள் கம்பெனி வேலை ஒன்றுதான். மாமாவுக்கு இன்னும் மூன்று கம்பெனிகள் வேலை கொடுத்துக்கொண்டிருந்தன. இது எனக்கு அன்றைக்கும் நன்றாகத் தெரியும்.

அந்தச் சிவப்பு ஆர்டர் ஒரு புதுப் பையருடையது. முதல் சரக்கு. கப்பலுக்குப் பத்தே நாள். கடைசித் துணி ரோலை இறக்கிவிட்டுச் சித்தப்பா என் மேசையருகில் வந்து நின்றார். நான் லைட் பாக்ஸைப் போட்டேன். நடுவில் பையரின் துண்டு. இந்தப் பக்கம் சித்தப்பாவின் துணி, அச்சு அசலாக அதே சிவப்பு. அந்தப் பக்கம் மாமாவின் கழுத்துப்பட்டி. கொஞ்சம் செங்கல் பக்கம் சாய்ந்திருந்தது. கொஞ்சம்தான். ஆனால் சரக்கு முழுவதும் திரும்பி வர அது போதும்.

சித்தப்பாவும் குனிந்து பார்த்தார். பிறகு கை கழுவப் போனார்.

மதியச் சாப்பாடு எப்போதும் கம்பெனி மாடியில்தான். அம்மா கேரியரில் கொண்டுவந்து பரிமாறுவார். அப்பா, சித்தப்பா, மாமா, அண்ணன், நான். கம்பெனியின் எல்லா முடிவும் அந்த மேசையில்தான், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில்.

“செவப்பு எப்படி கண்ணு? கட்டிங் போட்டர்லாமா?” என்றார் அப்பா.

“கழுத்தும் ஒடம்பும் சேரலீங்கப்பா.”

மாமா சிரித்தார். “என்ற பட்டறைல தப்பு வராதுங்க மாப்பிள்ளை. நானே நின்னு பாத்ததுங்க.”

“எது தப்பு? ஒடம்பா, கழுத்தா?” அப்பா என்னை விடவில்லை.

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அதற்கு முந்தின வருடம் ஏதோ ஒரு சொல்லுக்காக மாமா கோபித்துக்கொண்டு, அம்மா எட்டு மாதம் பிறந்த வீட்டு வாசல் மிதிக்காமல் இருந்தார். அடுத்த மாதம் அண்ணனுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவும் இருந்தது. சித்தப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டுமே கொஞ்சங் கொஞ்சம் தள்ளியிருக்குதுங்கப்பா.”

சொல்லிவிட்டேன். நியாயமாகப் பேசியதாகக்கூட ஒரு நிமிடம் நினைத்துக்கொண்டேன். என்ன ஒரு புத்திசாலித்தனம்!

அப்பா தட்டிலேயே கை கழுவினார். “அப்படீன்னா ரெண்டு பேர்த்துக்கும் வேண்டாமுங்க. வெளிய ஒரே எடத்துல குடுத்தர்லாம்.”

கரண்டி மறுபடி அசைந்தது. சித்தப்பா நிமிரவேயில்லை. மோர் ஊற்றிக்கொண்டு மிச்சச் சோற்றையும் சாப்பிட்டு முடித்துத்தான் எழுந்தார்.

புதிதாகத் துணி பின்ன வைத்து, முன்பின் தெரியாத ஒருவரின் பட்டறையில் இரண்டையும் ஒன்றாகச் சாயமேற்றினோம். சரக்கு கடைசி நாளில் கப்பலேறியது. யார் முகத்தையும் பார்க்காமல் திட்டி வேலை வாங்குவது அப்பாவுக்குப் பெரிய நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அடுத்தடுத்த ஆர்டர்களும் அங்கேயே போயின. மாமாவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சித்தப்பாவின் பட்டறை ஒரு மாதத்துக்குள் நின்றுபோனது.

இன்று அந்த இடத்தில் வடநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் விடுதி இருக்கிறது. அப்பாவின் கம்பெனியும் இல்லை, மாடிச் சாப்பாடும் இல்லை. சித்தப்பா போய் இரண்டு வருடமாகிறது. நான் ஒரு பெரிய கம்பெனியில் தரம் பார்க்கிறேன். அங்கே நிறத்தை மெஷின் எண்ணாகச் சொல்லிவிடும். ‘மேடம்கிட்ட தயவு தாட்சண்யமே கெடையாது’ என்று பின்னால் பேசிக்கொள்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு முகம் சுடும்.

அண்ணன் கல்யாணத்தில் மாமா மேளதாளத்தோடு சீர் கொண்டுவந்தார். அம்மா பூரித்துப்போனார். பந்தியில் எனக்குப் பக்கத்து இலை சித்தப்பாவுக்கு. கூட்டம், சத்தம். அவர் என் பக்கம் திரும்பாமலே மெல்லக் கேட்டார்.

“அன்னிக்கு என்ற துணி செரியாத்தானே கண்ணு இருந்துச்சு?”

“ஆமாங்க சித்தப்பா.”

“செரி கண்ணு. சாப்பிடு.”

அவர் சோற்றைப் பிசைந்தார். பத்து நகங்களும் பளிச்சென்று வெளுத்திருந்தன.