சண்டைப் படத்துக்கு அழுத அப்பா

இடுப்பு எலும்பு முறிந்து அப்பா படுக்கையில் விழுந்த பிறகு, அவரைப் பார்த்துக்கொள்ள நான் அன்னூர் வீட்டுக்கே வந்துவிட்டேன். மத்தியானம் முழுக்க டிவிதான். அதிலும் தமிழில் பேசவைத்த பழைய சீனச் சண்டைப் படம் ஒன்று அவருக்கு உயிர். டிவியில் போடாத நாட்களில் என் செல்போனில் தேடிக் கொடுக்கச் சொல்வார்.

கதை ஒன்றும் பெரிதில்லை. ஒரு வாள்வித்தை ஆசான். அவருடைய மகள் எதிரிக் குடும்பத்துப் பையனோடு போய்விடுகிறாள். ஊரெல்லாம் சண்டை போட்டு, எதிரிகளையெல்லாம் தீர்த்துவிட்டு, கடைசியில் அப்பன் வீட்டு வாசலில் கொட்டுகிற பனியில் வந்து மண்டியிடுகிறாள். கிழவர் கதவைத் திறக்கிறார். படம் முடிந்தது.

எனக்கு அந்தப் படத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். கூரைக்குக் கூரை பறக்கிறவள், ஒரு கூட்டத்தையே தனியாளாக அடித்துப் போடுகிறவள், ஒரு கிழவர் முன்னால் மட்டும் எதற்கு மண்டியிட வேண்டும்? அவளை விட்டால் படத்தில் வருகிற பெண்கள் எல்லோரும் டீ ஊற்றிக் கொடுக்கிறார்கள். அம்மா என்று ஒருத்தி இருந்தாளா, செத்தாளா, ஒரு வார்த்தை கிடையாது. பெண்ணை வீராங்கனையாகக் காட்டுகிறேன் பேர்வழி என்று, கதவுத் தாழ்ப்பாளை அப்பன் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். ஒருநாள் இதை அப்பாவிடமே சொன்னேன்.

"சித்த சும்மா இரு கண்ணு. இப்பத்தான் முக்கியமான கட்டம்" என்றார். கதவு திறந்தது. அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் அழுதுவிடுவார்.

என் தங்கை வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். செய்தி வந்த அன்று அப்பா தோட்டத்துத் தொட்டியில் தலைமுழுகினார். செத்தவர்களுக்குச் செய்வது அது. ஈரம் சொட்டச் சொட்ட உள்ளே வந்து, "இனி எனக்கு ஒரே பொண்ணுதான்" என்றார். அம்மா அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். தங்கை எப்போது போன் செய்தாலும் ஒன்றுதான் கேட்பாள்: "அப்பா என்னையப் பத்தி ஏதாச்சும் கேட்டாருங்களாக்கா?" நான் பேச்சை மாற்றுவேன்.

அந்தக் கண்ணீரைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். எவளோ ஒரு சீனாக்காரிக்காக அழுகிற மனுஷன் பெற்ற மகளுக்குக் கதவைத் திறக்க மாட்டாரா? போன் போட்டு, "கெளம்பி வா அம்மணி, அப்பா மனசு எளகிப்போச்சு" என்றேன். மறுநாளே வந்துவிட்டாள்.

அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு மறதியெல்லாம் கிடையாது. காலையில்தான் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் எந்த வருஷம் கிணறு வற்றியது என்று வாதாடிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றவளை நன்றாகவே பார்த்தார்.

"வாங்க, வாங்க. அப்படி உக்காருங்க" என்றார். என் பக்கம் திரும்பி, "கண்ணு, அவங்களுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டா" என்றார். பிறகு அவளிடம், "எந்த ஊருங்க நீங்க?"

பெண் பிறந்த வீட்டுக்கு வந்தால் எங்களில் யாரும் தண்ணீர் கொண்டுவந்து நீட்ட மாட்டார்கள். அவளே நேராகச் சமையலறைக்குள் போய் மொண்டு குடித்துக்கொள்வாள். நாற்காலியும் சொம்புத் தண்ணீரும் அயலாருக்கு.

தங்கை நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "ஆர்.எஸ்.புரமுங்க" என்றாள்.

"நல்ல ஊருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க."

"அப்பா, இது நம்ம பாப்பாங்கப்பா!" என்று நான் கத்தினேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏசியிருந்தால், எதையாவது எடுத்து எறிந்திருந்தால்கூடத் தேவலை. கோபத்தோடு மல்லுக்கட்டலாம். இந்த மரியாதையை என்ன செய்வது? எனக்கு அவரை வெறுக்கக்கூடத் தெம்பில்லாமல் போனது.

அவள் சொம்பை முழுசாகக் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். எழுந்தாள்.

"போயிட்டு வாரேனுங்கப்பா."

வாசலில் சீலை விற்க வருகிறவர்களைக்கூட, ஒன்றும் வாங்காவிட்டாலும், "போயிட்டு வாங்க" என்று சொல்லித்தான் அப்பா அனுப்புவார். அந்த 'வாங்க'வை விட்டுவிட்டு அவர் ஒருவரை அனுப்பி நான் கேட்டதில்லை.

"சரிங்க, போங்க" என்றார்.