தாட்சாயிணி எழுந்து போன ஞாயிறு

ஆவடி குவார்ட்டர்ஸில் தாட்சாயிணியின் கோபம் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் நேற்றுதான் குடிவந்திருக்க வேண்டும். ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் தைத்த துணியைச் சரிபார்ப்பது அவள் வேலை. ஒரு தையல் கோணினாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். ஞானஸ்நானம் எடுத்தபின் அதே கண்ணைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். வந்தது வினை.

மாதத்தின் முதல் ஞாயிறு சபையில் திருவிருந்து, இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பார்கள். மாதம் முழுக்க யாரிடமும் கத்தாமல் இருந்தால்தான் அப்பத்தைத் தொடுவது என்று ஒரு சட்டம் போட்டாள். சபை போடவில்லை, போதகர் போடவில்லை, இவளே போட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவாள். மாதக் கடைசியில் புட்டுக்கொள்ளும். எல்லோரும் எழுந்து முன்னே போகையில் இவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையில் எதையோ தேடுவாள். வருஷம் தாண்டியும் அந்த அப்பம் அவள் வாயில் படவில்லை. கடைசிவரை கிடைக்காமலே போய்விடுமோ என்று பயம் வந்துவிட்டது.

இந்த முறை திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமைவரை தாக்குப்பிடித்தாள். ஞாயிறு காலை தண்ணீர் லாரி வந்தது. பக்கத்து வீட்டு ஜோதிகா இவள் குடத்தைத் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். அவ்வளவுதான், தெருவே வேடிக்கை பார்த்தது.

சபையில் அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மீன் விற்கும் நாகம்மாள், இவள் வயசுக்காரி. அவள் வாயைத் திறந்தால் மார்க்கெட்டே காதைப் பொத்தும். ஆனாலும் திருவிருந்துக்கு முதல் ஆளாகப் போவாள். தாட்சாயிணிக்கு அதில் ரொம்ப நாளாக எரிச்சல்.

"இன்னா குந்திகினு கீற? எய்ந்திரு," என்றாள் நாகம்மாள்.

"காலைல சண்ட போட்டுட்டேன். அடுத்த மாசம் சரி பண்ணிக்கினு வர்றேன்."

"நானுந்தான் நேத்து போட்டேன், அப்புறம் போயி மன்னிப்பு கேட்டேன். உன்ன நீயே சரி பண்ணிக்குவேன்னா, அவரு எதுக்குடி சிலுவைல தொங்குனாரு? சும்மாவா?"

தாட்சாயிணிக்குச் சுருக்கென்று உறைத்தது. இத்தனை நாளும் அவரை நம்பவேயில்லை, தன் நாக்கைத்தான் நம்பியிருக்கிறாள். எழுந்தாள். "ஆண்டவரே, என்னால முடியல, நீங்க பார்த்துக்குங்க" என்பதற்குமேல் ஜெபம் வரவில்லை.

முழந்தாளிட்டுக் கைகளை நீட்டினாள். மாதம் முழுக்க எப்படி இருந்தாய் என்று போதகர் கேட்கவில்லை. அப்பத்தை உள்ளங்கையில் வைத்துவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார். நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த பாரம் இறங்கிவிட்டது. வீட்டுக்குப் போனதும் ஜோதிகாவிடம் பேச வேண்டும் என்று தானாகவே தோன்றியது. கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அப்பத்தைத் தின்றாள்.