மாதக் கடைசி ஜெபமும் உப்பு டப்பாவும்

ஹாலோவீன் விஷயத்தில் எங்கள் சபையில் மூன்று கட்சிகள் உண்டு. அது பிசாசின் பண்டிகை, வாசலில் ஒரு பூசணிக்காய் வைத்தால் போதும், அவன் உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்துவிடுவான் என்பது முதல் கட்சி. அட, பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குகிறார்கள், இதில் என்ன இருக்கிறது என்பது இரண்டாவது. அதே மிட்டாய், அதே வேஷம், எலும்புக்கூட்டை மட்டும் கழித்துவிட்டு, சபையின் கார் பார்க்கிங்கில் ‘அறுவடை விழா’ என்று கொண்டாடிவிடலாம் என்பது மூன்றாவது. ஒவ்வோர் அக்டோபரிலும் வாட்ஸ்அப் குழுவில் மூன்று தரப்பும் மோதிக்கொள்ளும். நான் எல்லாருக்கும் கட்டைவிரல் போடுவேன். ஏனென்றால் நான் நான்காவது கட்சி. அதற்குத் தலைவனும் நான்தான், தொண்டனும் நான்தான். கொள்கை: ஒளிந்துகொள்வது.

டெக்ஸாஸில், பேர்லேண்ட் என்ற ஊரில் வீடு வாங்கிய முதல் வருஷம், விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுப் பின்பக்கப் படுக்கையறையில் செல்போன் வெளிச்சத்தில் பிரியாணி சாப்பிட்டோம். வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் மெல்லுவதை நிறுத்தினோம். அடுத்த வருஷம் ஒரு பெரிய கடைக்குள் புகுந்து, அவர்கள் கடையைச் சாத்தும்வரை மெத்தை பார்த்தோம். வெறுங்கையோடு வர வெட்கமாகி அன்று வாங்கிய மெத்தையில்தான் இன்றுவரை என் முதுகு வலிக்கிறது. போன வருஷம் மறுபடியும் படுக்கையறை. இருட்டில் என் மகள் கேட்டாள்:

“டாடி, வெளிய எல்லாரும் லைட் போட்டுட்டு ஹேப்பியா இருக்காங்க. நாம மட்டும் டார்க்ல ஒளிஞ்சிருக்கோம். ஸோ, நாமதான் கோஸ்ட்டா?”

என் மனைவி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் நிலைமை முற்றிவிட்டது. மகள் இரண்டாம் வகுப்பு. பக்கத்து வீட்டு மதுரைக்காரர் மகள் அவளுக்கு உயிர்த்தோழி. இரண்டு பேரும் எங்களைக் கேட்காமலேயே முடிவு செய்துவிட்டார்கள்: அவள் மிளகு டப்பா, இவள் உப்பு டப்பா. ஹோட்டல் மேசையில் ஜோடியாக நிற்குமே, அந்த மாதிரி.

“நான் வரலைன்னா அவ வெறும் பிளாக் டிரெஸ், டாடி. பக்கத்துல சால்ட் நின்னாத்தான் அவ பெப்பர்.”

“மம்மிகிட்ட கேளு” என்றேன். மம்மி, “டாடிகிட்ட கேளு” என்றாள். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்து பிள்ளை இளைத்தே போனாள். கடைசியில், “ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்மா” என்றேன். எங்கள் வீடுகளில் அதற்கு என்ன அர்த்தம் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்து அங்கிள் போன் செய்தார். பாளையங்கோட்டையிலிருந்து இந்த வருஷம்தான் ஆன்ட்டியோடு மகன் வீட்டுக்குக் குடிவந்தவர். ஜெபக்குழுவில் அவரைவிடப் பெரிய குரல் யாருக்கும் கிடையாது என்பதால் அவரே தலைவர்.

“தம்பி, இந்த வாட்டி மாசக் கடைசி ஜெபம் உங்க வீட்லதானே?”

மாதத்தின் கடைசி நாள் சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டில் கூடி, அந்த மாதம் முழுக்கக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்வது எங்கள் வழக்கம். அக்டோபரின் கடைசி நாளில்தான் ஹாலோவீன். பரலோகமே எனக்காக அவசர வழிக் கதவைத் திறந்துவிட்டது!

“வாங்க அங்கிள்! எல்லாரையும் கூட்டிட்டு வாங்க!” என்று கத்தினேன்.

மகளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஓர் ஐஸ்கிரீமில் முடிந்திருக்கும். “ஓகே டாடி” என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

“நல்லா ஒளியிறீங்க” என்றாள் மனைவி. “போன வருஷம் கட்டிலுக்குப் பின்னாடி. இந்த வருஷம் இயேசப்பாவுக்குப் பின்னாடி.”

“நீ எந்தக் கட்சி?”

“நான் டிரெஸ் தைச்சு முடிச்ச கட்சி.”

அலமாரியைத் திறந்து காட்டினாள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை வெள்ளைத் துணிக் குழாய். அதன்மேல், தலையில் கட்டுவதற்கு எலாஸ்டிக் கோத்த எங்கள் இட்லித் தட்டு.

“உப்பு டப்பா மூடின்னா ஓட்டை வேணும்ல? நம்ம வீட்ல ஓட்டை இருக்கிறது இதுலதான்.”

அன்றைய நாளும் வந்தது. எங்கள் தெருவில் எல்லா வீடும் ஒரே அச்சு. அங்கிள் ஒருமுறை வேறு யார் வீட்டிலோ நுழைந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். “வாசல் லைட்டைப் போட்டு வைங்க தம்பி” என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். வாசல் விளக்கைப் போட்டேன். கராஜ் விளக்கைப் போட்டேன். அடையாளத்துக்கு இருக்கட்டும் என்று கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தையும் எடுத்து மாட்டி எரியவிட்டேன். அன்றைக்கு இந்த ஊரில் விளக்கு எரிகிற வீடு என்றால் மிட்டாய் கொடுக்கிற வீடு. விளக்கை அணைத்து அணைத்தே தப்பித்தவனுக்கு, விளக்கைப் போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. நான் இன்ஜினியர்.

மணி அடித்தது. வெள்ளை வேட்டி சட்டையில் ஓடிப் போய்க் கதவைத் திறந்து, இரு கையையும் கூப்பி, “ஸ்தோத்திரம் அங்கிள்!” என்றேன்.

எதிரே ஒரு டைனோசரும் இரண்டு எலும்புக்கூடுகளும் நின்றன. “ட்ரிக் ஆர் ட்ரீட்!”

கல்யாண வீடு மாதிரி ஜொலிக்கிற வீட்டில் ஒரு மிட்டாய் இல்லை. மனைவி உள்ளே ஓடி, ஜெபத்துக்கு வருகிறவர்களுக்காகச் சுட்டு வைத்திருந்த அச்சு முறுக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். டைனோசர் ஒன்றைக் கடித்தது. நின்றது. மறுபடி கடித்தது. பிறகு தெருவைப் பார்த்து, “யூ கைஸ்! கம் ஹியர்!” என்று ஒரு கூச்சல்.

அவ்வளவுதான். கடற்கொள்ளையர் வந்தார்கள், வண்ணத்துப்பூச்சி வந்தது, அட்டைப்பெட்டிக்குள் ஒரு வாஷிங் மெஷின் வந்தது. எனக்குள் ஏதோ ஒன்று குதிக்க ஆரம்பித்தது. “நீ என்ன? தீயணைப்பு வண்டியா? அடடா, மணி எங்கே?” என்று நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

“டாடி, யூ ஆர் ஜம்பிங்” என்றாள் மகள், ஜெபத்துக்குப் போட்ட கவுனோடு மாடிப்படியிலிருந்து.

அடுத்த மணி மிளகு. கறுப்புத் துணிக் குழாய், தலையில் காபி ஃபில்டர். பின்னால் புல்தரையில் டார்ச்சோடு அவள் அப்பா. முறுக்கை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இஸ் சால்ட் கமிங்?”

மகள் என்னைப் பார்த்தாள். பிறகு, “எங்க வீட்ல ப்ரேயர். யூ கோ” என்றாள். குரல் கொஞ்சம் உடைந்தது.

மிளகு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டது. “ஐ வில் வெயிட்.”

அப்போதுதான் அங்கிளும் ஆன்ட்டியும் வந்து சேர்ந்தார்கள். தெருவில் பிள்ளைகள் கூட்டம் என்பதால் காரை முனையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறார்கள். அவர் வெள்ளை ஜிப்பா. ஆன்ட்டி தலையில் முக்காடிட்ட வெள்ளைச் சேலை, கையில் வாய் திறந்த பைபிள் பை. முகமெல்லாம் பூரிப்பு.

“தம்பி, இந்த ஊரு ஜனங்க எவ்வளவு நல்லவங்க! கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பையில மிட்டாய் போடுறாங்க. ‘நைஸ் காஸ்ட்யூம்’னு வேற சொன்னாங்க. சேலையை எங்க எடுத்தீங்கன்னு கேக்குறாங்க போலன்னு, ‘பாளையங்கோட்டை’ன்னு சொல்லிட்டு வந்தேன்.”

பைக்குள் எட்டிப் பார்த்தேன். பாட்டுப் புத்தகத்தின் மேல் சாக்லேட் குவிந்து கிடந்தது.

அங்கிள் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். முதல் கட்சிக்கே இவர்தான் பிரசங்கியாராக வருவார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

“இது என்ன தம்பி, நம்ம ஊரு கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் மாதிரில்ல இருக்கு!”

“அங்கிள், இவங்க அதுல பெரிய ஆளாக்கும்!” என்று மனைவி பிடித்துக்கொண்டாள். “ஊர்ல அவங்க சபையில இவங்கதான் கிறிஸ்துமஸ் தாத்தா. முகமூடி போட்டு வீடு வீடா ஆடுவாங்க. நாய் துரத்தி சாக்கடையில விழுந்திருக்காங்க!”

உண்மைதான். பாடகர் குழுவுக்கு முன்னால் சிவப்பு அங்கியில் ஆடிக்கொண்டு போன அந்தத் தாத்தா நான்தான். சிவந்த கன்னமும் பஞ்சுத் தாடியுமாக அந்த பிளாஸ்டிக் முகமூடி, டெக்ஸாஸின் எந்த எலும்புக்கூட்டையும்விடப் பயங்கரமானது. என்னைப் பார்த்து அலறாத குழந்தை எங்கள் ஊரில் இல்லை.

மகள் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு கேள்வி.

“டாடி, யூ வோர் எ மாஸ்க்?”

“ஆமா.”

“இருட்டுல?”

“ஆமாம்மா.”

“வீடு வீடா?”

“அது வந்து... பாட்டுப் பாடிட்டு...”

“கேண்டி குடுத்தாங்களா?”

“கேக். சில வீட்ல முறுக்கு.”

“ஸோ...” என்றாள்.

நான் கடைசி முயற்சியாக அங்கிள் பக்கம் ஒதுங்கப் பார்த்தேன். “நீங்க என்ன சொல்றீங்க அங்கிள்?”

“எனக்கு அந்த எலும்புக்கூடு பிடிக்கல. அதைப் போட்டுட்டு யாரும் என் பக்கத்துல உக்காரக் கூடாது. மத்தபடி உங்க வீடு, உங்க பிள்ளை. என்னை ஏன் இழுக்கீங்க? நீங்க சொல்லுங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாசற்படியிலிருந்து மிளகும் பார்த்தது. இனி விளக்கை அணைத்து ஒளிய முடியாது. எரிகிற நட்சத்திரத்தின் கீழேயே நின்றுகொண்டிருந்தேன்.

“பேய் வேஷம் கிடையாது” என்றேன் தொண்டையைச் செருமிக்கொண்டு. “எலும்புக்கூடு கிடையாது. எப்பவுமே கிடையாது.” பிறகு என் குரல் நானே கேட்டிராத உற்சாகத்தில் கிளம்பியது: “உப்பு போகலாம்! நானும் வரேன்! திரும்பி வந்து ஜெபம்!”

மிளகு கத்திய கத்தலில் புல்தரையில் நின்ற மதுரைக்காரர் டார்ச்சைக் கீழே போட்டார். இட்லித் தட்டு ஏற்கெனவே மனைவியின் கையில் இருந்தது.

வாசலை ஆன்ட்டி எடுத்துக்கொண்டார். நாற்காலி போட்டு உட்கார்ந்து, முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் “காட் பிளெஸ் யூ”. பேய் வேஷத்துக்கு ஒரு முறுக்கு, நல்ல வேஷத்துக்கு இரண்டு. பேய்கள் கேள்வி கேட்காமல் வாங்கிப் போயின.

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். பிள்ளைகளுக்குச் சமமாக அல்ல, முன்னால். முதல் வீட்டில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த தாத்தா உப்பையும் மிளகையும் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என் வெள்ளை வேட்டி சட்டையைப் பார்த்து, நீ என்ன வேஷம் என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் மகள் சொன்னாள்:

“ஹி இஸ் அவர் வெயிட்டர்.”

எனக்கும் ஒரு சாக்லேட் கிடைத்தது. அங்கேயே பிரித்துத் தின்றேன்.

ஜெபம் தாமதமாகத்தான் தொடங்கியது. அதற்குள் வந்து சேர்ந்திருந்த மற்றவர்களோடு மிளகும் அவள் அப்பாவும் உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும். அங்கிள் தன் முழங்காலுக்காகச் சொன்னார். மனைவி, முறுக்கு தீர்ந்துபோனதற்காக. மகள் முறை வந்தபோது இட்லித் தட்டை மடியில் வைத்துக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

“தேங்க்யூ ஜீசஸ், பெப்பர் வெயிட் பண்ணதுக்கு. அப்புறம், டாடி லைட்டை ஆஃப் பண்ணாததுக்கு.”

எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது மிளகுதான்.

கிளம்பும்போது ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, அடுத்த வருஷமும் இந்த மாசக் கடைசி ஜெபத்தை உங்க வீட்லயே வச்சிருங்க. நான் பெரிய பையா கொண்டு வரேன்.”