மஞ்சள் காரின் மாமியார்

காரில் ஏறி உட்கார்ந்ததும் அவள் முதலில் குரலைத் தணித்துக்கொள்வாள். அதுவரை படிக்கட்டு முழுக்க அண்ணனோடு வாய்ச்சண்டை போட்டபடி இறங்கி வந்தவள்தான். கதவைச் சாத்துவதுகூட, குழந்தை தூங்கும் அறையின் கதவைச் சாத்துகிற பக்குவத்தோடு. "மெதுவாப் பேசு. கேட்டுட்டு இருக்காங்க" என்று ஸ்டியரிங்குக்குக் கீழே கண்ணைக் காட்டுவாள். அங்கே சோப்புக் கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு அவள் வைத்த பெயர் மாமியார்.

"எல்லாருக்கும் கல்யாணம் ஆனப்புறம் வருவாங்க. எனக்கு கார் வாங்கினதுமே வந்துட்டாங்க."

வயது இருபத்துமூன்று. பெண்களுக்கு முடி வெட்டும் சலூனில் வேலை. முதல் சம்பளத்திலிருந்து வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து, ஏற்கெனவே ஒருவர் ஓட்டி அலுத்த ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினாள். இரண்டே சீட். தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். ஏறக் குனிய வேண்டும், இறங்க யாராவது கை கொடுக்க வேண்டும். அம்மா ஒரே ஒரு முறை ஏறினார். "இதுக்கு ரோட்டுலயே உக்காந்துட்டுப் போயிடலாம்" என்று சொல்லிவிட்டுப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. இத்தனை கார் இருக்க இது ஏன் என்று கேட்டால் அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாது. "சின்ன வயசுலேருந்து ஆசை" என்பாள். ஆசைக்கு அதற்கு மேல் என்ன காரணம் வேண்டிக் கிடக்கிறது?

இன்ஷூரன்ஸ் என்று ஒன்று இருப்பது, சாவி கைக்கு வந்த பிறகுதான் புத்தியில் உறைத்தது. கம்பெனி கம்பெனியாக போன் போட்டாள்.

"வயசு என்ன மேடம்?"

"இருபத்திமூணு."

"இதுக்கு முன்னாடி சொந்தமா கார் வச்சிருந்தீங்களா?"

"இல்லங்க, இதான் முதல்."

"என்ன கார்?"

சொன்னாள். மறுமுனையில் கெட்ட செய்தி சொல்லும் டாக்டரின் குரலில், "அதே கார்தானா மேடம்? வேற ஏதாச்சும் சின்னதா பாக்கலாமே..." என்றார் அந்த மனிதர். ஒவ்வொருவரும் சொன்ன தொகைக்கு அவள் இன்னொரு சலூனில் இன்னொரு ஆளாகவும் வேலை பார்த்தாக வேண்டும்.

கடைசியில் ஒரு கம்பெனி இரங்கியது. நிபந்தனை, அந்தப் பெட்டி. வேகம், வளைவு, பிரேக் எல்லாவற்றையும் அது கவனித்துக் கம்பெனிக்குச் சொல்லும். தினமும் சாயங்காலம் அவளுடைய போனுக்கு மார்க் வரும். பச்சை வந்தால் நிம்மதி. சிவப்பு வந்தால் குற்றம். வருஷத்துக்குள் மூன்று சிவப்பு விழுந்தால் பாலிசி ரத்து. ஒரு தடவை ரத்தானவரை வேறு எந்தக் கம்பெனியும் ஏறெடுத்துப் பார்க்காது என்று ஏஜென்ட் ஒரு சிரிப்போடு சொல்லி வைத்தார். இன்ஷூரன்ஸ் இல்லாத காரை ரோட்டில் இறக்க முடியாது. விற்றுத்தான் தீர வேண்டும்.

முதல் மாதமே இரண்டு சிவப்பு விழுந்துவிட்டது. ஒன்று நியாயம். யாருமில்லாத வளைவில் கொஞ்சம் குஷியாகத் திருப்பிவிட்டாள். இரண்டாவதுதான் அவளால் தாங்க முடியாதது. குறுக்கே ஓடிய பூனைக்காகச் சட்டென்று பிரேக் போட்டாள். பூனை பிழைத்தது, சிவப்பு விழுந்தது. போன் செய்து அழாத குறையாக வாதாடினாள்.

"குறுக்க பூனை வந்துச்சுங்க!"

"எங்க சிஸ்டத்துல பூனை தெரியாது மேடம். பிரேக்தான் தெரியும்."

அன்றைக்குப் பிடித்த பயம்தான். சாவியைத் திருப்பினால் எஞ்சின் உறுமுகிற உறுமலில் தெருவே திரும்பிப் பார்க்கும். கார் அசைகிற அசைவைப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பும். ஸ்கூல் வேன் அவளை முந்தும். சைக்கிள்கள் முந்தும். ஒரு நாள் காய்கறித் தள்ளுவண்டிக்காரர் பக்கத்தில் வந்து, "ரிப்பேராம்மா? தள்ளணுமா?" என்று அக்கறையாகக் கேட்டார். பஸ் ஸ்டாப் பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்து, "அக்கா, ஒரே ஒரு தடவை ஸ்பீடா விடுங்கக்கா!" என்று கெஞ்சுவார்கள். அவள் பல்லைக் காட்டிவிட்டு, தூரத்து சிக்னலுக்கு இங்கிருந்தே வேகத்தைக் குறைக்க ஆரம்பிப்பாள்.

இதே பெண்ணைச் சலூனில் பார்க்க வேண்டும். இடுப்பு வரை தொங்கும் கூந்தலோடு வந்து, வெட்டவா வேண்டாமா என்று அரைமணி நேரம் தவிப்பவர்களின் தலையில் அவள்தான் முதல் கத்தரி வைப்பாள். "கண்ணை மூடிக்கோங்க, நான் பாத்துக்கறேன்." ஒரே வெட்டு. கையில் அப்படி ஒரு துணிச்சல். காரில் ஏறினால் காலுக்கு அது இறங்காது.

போன மாதம் ஒரு மத்தியானம், வரிசையாக நிறுத்தியிருந்த வேன்களின் நடுவிலிருந்து பார்சல் கொண்டுபோகிற ஒருவர் சைக்கிளோடு ரோட்டுக்கு வந்துவிட்டார். அவள் பார்த்தாள். கால் பிரேக்குக்குப் போனது. போய், பழகியபடி மிருதுவாக, மெல்ல மெல்ல அழுத்தியது. நின்றிருக்க வேண்டிய கார் இன்னும் கொஞ்சம் நகர்ந்து சைக்கிளின் பின்சக்கரத்தில் முட்டியது. அவர் விழுந்தார். பார்சல்கள் உருண்டன.

அவள் இறங்கி ஓடினாள். முழங்காலில் சிராய்ப்பு, உள்ளங்கையில் கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டுப் போட வைத்தாள். அவர்தான் அவளுக்குச் சமாதானம் சொன்னார். "பாக்காம வந்தது நான்தாம்மா. நீ மெதுவாத்தான் வந்தே. வேற யாராச்சும் வந்திருந்தா நான் காலி." அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

சாயங்காலம் போனில் மார்க் வந்தது. பச்சை. "இன்று மிக மென்மையாக பிரேக் பிடித்தீர்கள். பாராட்டுகள்." அந்த முட்டல் பெட்டிக்கு உறைக்கவே இல்லை. அண்ணனிடம் போனை நீட்டினாள். அண்ணன் வாயைத் திறந்தாலே கிண்டல்தான் வரும். "அடேங்கப்பா, மாமியார் மெச்சின மருமகள்!" என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"அண்ணா, அவரை நான் நல்லாப் பாத்துட்டேன். அழுத்தி மிதிச்சிருந்தா நின்னிருக்கும். மிதிக்கப் போறப்ப, மூணாவது சிவப்பு விழுந்துடுமேன்னுதான் தோணுச்சு. அவர் தோணல."

"விடு. பெருசா அடி ஒண்ணும் படலையே."

"ஒரு ஆளு முன்னாடி நிக்கறாரு, நான் மார்க்கை நினைக்கறேன். எனக்கு என்னைப் பாத்தாலே பயமா இருக்கு."

மறுநாள் அவள் பஸ்ஸில் வேலைக்குப் போனாள். அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் சாயங்காலம் தேடிக்கொண்டு கீழே போன அண்ணன், கார் நிறுத்துமிடத்தில் அவளைக் கண்டான். எஞ்சின் ஓடவில்லை. எதிரே வெறும் சுவர். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சுவரை வெறித்தபடி, முதுகு சீட்டில் மோதும்படி ஓங்கி பிரேக்கை மிதித்தாள். நிறுத்தி வைத்த காரில் இரண்டு மூன்று மிதிக்கெல்லாம் பிரேக் கல்லாய் இறுகிவிடும். இறுகிப்போயிருந்தது. அவள் காலை எடுத்து ஆக்ஸிலரேட்டரில் வைத்தாள். மூச்சை இழுத்தாள். திரும்பவும் பிரேக்கை ஓங்கி மிதித்தாள்.