ஆசிர் வாத்தியார் வீட்டுப் பாக்கியம்

சங்கரன்கோவிலில் ஆசிர் வாத்தியாரின் குறட்டைக்குத் தனி மரியாதை உண்டு. திருவேங்கடத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிடுவார். கண்டக்டர் தட்டி எழுப்ப மறந்த நாள்களில் ஸ்டாப்பைத் தாண்டிப் போய், வேர்க்க விறுவிறுக்க நடந்து திரும்பிவந்து பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். உழைக்கிற மனுசன், அதான் இந்தத் தூக்கம் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது.

அவருக்கு ரத்தக் கொதிப்பும் இருந்தது. டாக்டர்கள் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். மனைவி பிளஸ்ஸி உப்பைக் குறைத்துக்கொண்டே போனாள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் வீட்டைவிட்டு வெளியேறின. பிரஷர் மட்டும் இறங்குவேனா என்றது.

"நீ கத்துத கத்துலதாம்ட்டி எனக்குப் பிரஷர் ஏறுது" என்று வாத்தியார் கண்டுபிடித்துச் சொன்னார். கணக்கு வாத்தியார் அல்லவா, விடை தப்புமா?

குறட்டையைப் பற்றி எந்த டாக்டரிடமும் அவர் வாய் திறந்ததில்லை. அது பரம்பரைச் சொத்து. அவருடைய அப்பாவும் இப்படித்தான் குறட்டைவிட்டார். ஒருநாள் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். பெரியப்பாவும் அப்படியே. படுக்கையில் கிடக்காமல், யாரையும் தொந்தரவு செய்யாமல் போவது அந்தக் குடும்பத்துக்குக் கர்த்தர் கொடுத்த பாக்கியம் என்று இரண்டு அடக்க ஆராதனையிலும் சபையார் மெச்சிக்கொண்டார்கள்.

இந்த வருஷம் கோயில் அசன விருந்தில் சபையே பந்தியில் உட்கார்ந்திருந்தது. சாப்பாட்டுக்கு முன் போதகரின் ஜெபம் கொஞ்சம் நீண்டுவிட்டது. இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே வாத்தியார் குறட்டைவிட்டார். நடுவில் சத்தம் சட்டென்று நின்றது. நெஞ்சு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. எதிர் வரிசையில் இருந்த பிளஸ்ஸி ஜெபத்தை மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவழியாக, தண்ணீரில் முங்கினவர் மேலே வருவதுபோல் பெரிய மூச்சொன்று வாங்கினார். பந்தி சிரித்தது.

"கொடுத்துவச்ச தூக்கம்லா! அவுக அப்பாவும் சாகுததுக்கு மொத வாரம் பந்தியில இப்படித்தான் தூங்குனாக" என்றாள் பக்கத்திலிருந்த ஞானபாய் பெரியம்மை, பாசமாக.

பிளஸ்ஸிக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே அவரைத் திருநெல்வேலிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவர் தூங்குவதைச் சோதித்துப் பார்த்துவிட்டு டாக்டர் விளக்கினார். தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது, மூச்சு நிற்கிறது, ஆக்சிஜன் குறைகிறது. பயந்துபோன உடம்பு பிரஷரை ஏற்றி அவரை உசுப்பிவிடுகிறது. ராத்திரி முழுக்க இதே கூத்து. இறங்க வேண்டிய நேரத்தில் ஏறுகிற பிரஷர், பகலில் மட்டும் எப்படிப் பணியும்? மாத்திரையோடு, தொண்டை அடைக்காதபடி காற்றைச் செலுத்தும் மாஸ்க்கும் வேண்டும் என்றார். பிளஸ்ஸி கத்துவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த மாஸ்க்கை வாத்தியார் தொடவில்லை.

"எங்க வம்சத்துல ஒருத்தரும் மூஞ்சியில குழாயை மாட்டிக்கிட்டுத் தூங்குனதில்ல."

"உங்க வம்சத்துல ஒருத்தராவது ரிட்டயர் ஆனதுண்டா?" என்றாள் பிளஸ்ஸி. "உங்க அப்பா போகும்போது என்ன வயசு? சொல்லுங்க."

ஐம்பத்திரண்டு. பெரியப்பாவுக்கு அதுகூட இல்லை. வாத்தியாருக்கு வருகிற ஜனவரியில் ஐம்பத்திரண்டு. இந்தக் கணக்கை அவர் இதுவரை போட்டுப் பார்த்ததேயில்லை.

"பாக்கியம்னு சொல்லிட்டு ஊரு சாப்பிட்டுப் போயிரும். எனக்கு அந்தப் பாக்கியம் வேண்டாம். நீங்க என்கூடச் சண்டை போட்டுக்கிட்டுக் கிடந்தாப் போதும்."

வாத்தியார் மாஸ்க்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளிடம் நீட்டினார்.

"இதை எந்தப் பக்கம் மாட்டணும்னு பாருட்டி."